சான்றிதழில் இருக்கும் 'நிலை 4' கடல் தாண்டினால் என்ன ஆகும்?

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "ஐயா, நான் ஐடிஐயில் இரண்டு வருட ஃபிட்டர் படிப்பு முடித்திருக்கிறேன். என் பாடத்திட்ட அட்டையில் நிலை 4 என்று போட்டிருக்கிறது. இதே படிப்பைச் சில வருடங்களுக்கு முன்பு முடித்த என் அண்ணனின் பாடத்திட்டத்தில் நிலை 5 என்று இருக்கிறது. ஜெர்மனியிலும் ஃபிட்டருக்கு நிலை 4தான், இரண்டு அரசாங்கங்களுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது, நேராக வேலைக்குப் போய்விடலாம் என்று சொல்லி ஏஜென்ட் பணம் கேட்கிறார். இந்த எண்களுக்கு என்ன அர்த்தம்? நாடுகள் இதில் உண்மையாகவே ஒத்துழைக்கின்றனவா?"

தம்பி, முதலில் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள். நான் டெல்டாவில் மூன்று ஊர்களில் ஃபிட்டர் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். என்னிடம் படித்தவர்களில் பாதிப் பேர் இன்று சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சான்றொப்பம் வாங்க அலைந்து அலைந்துதான் இந்த விஷயத்தை நான் படித்தேன். ஆர்வத்தால் என்று சொன்னால் பொய்.

உங்கள் எண்ணிலிருந்தே தொடங்கலாம். நம் ஊரில் நாலு மா நிலம் வைத்திருப்பவரும் நாலு ஏக்கர் வைத்திருப்பவரும் ஒன்றா? 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, ஒரு வேலி என்றால் ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். எண் நாலு என்றிருப்பதால் நிலம் சமமாகிவிடாது, எந்த அளவையில் நாலு என்று கேட்க வேண்டும். இந்தியா 2013 டிசம்பரில் தேசியத் திறன் தகுதிச் சட்டகத்தை, அதாவது எந்தப் படிப்பு எந்தப் படியில் நிற்கிறது என்று காட்டும் ஏணியை, அறிவித்தபோது அதில் 10 படிகள் இருந்தன. பிறகு அதைத் திருத்தி 8 படிகளாக்கினார்கள். நடுவே 2.5, 3.5, 4.5 என்று அரைப்படிகளும் வந்தன. திருத்திய கணக்கில் பத்தாம் வகுப்பு 3, பன்னிரண்டாம் வகுப்பு 4, மூன்று வருடப் பட்டம் 5.5, முனைவர் பட்டம் 8. ஏணியில் படிகள் குறைந்ததால் இரண்டு வருட ஃபிட்டர் படிப்பு 5இலிருந்து 4க்கு வந்தது. ஒரு வருட வெல்டர் படிப்பும் அப்படித்தான் 4இலிருந்து 3க்கு வந்தது. உங்கள் அண்ணன் உங்களைவிட ஒரு படி உயர்ந்தவரும் இல்லை, நீங்கள் ஒரு படி தாழ்ந்தவரும் இல்லை. வீட்டில் இதை வைத்துச் சண்டை வந்திருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியின் 4 வேறு ஏணியின் 4. ஐரோப்பியத் தகுதிச் சட்டகத்துக்கும் 8 படிகள்தான். அதில் நாலாவது படியில், வாரத்தில் சில நாள் தொழிற்கூடத்திலும் சில நாள் தொழிற்பள்ளியிலுமாக மூன்று, மூன்றரை வருடம் பயிற்சி பெற்றவரை ஜெர்மனி வைத்திருக்கிறது. உங்கள் வேலைக்கு நெருக்கமான அவர்களுடைய தொழில்துறை மெக்கானிக் பயிற்சி மூன்றரை வருடம். இரண்டு ஏணிகளும் இப்போது எட்டுப் படியாக இருப்பதும், நீங்களும் ஜெர்மன் தொழிலாளியும் நாலில் நிற்பதும் தற்செயல். இரண்டு ஏணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்து, இந்தப் படி அந்தப் படிக்கு நேர் என்று இரு தரப்பும் கையெழுத்திட்டால் மட்டுமே அந்தச் சமன் சமனாகும்.

இப்படிச் சாய்த்துப் பார்க்கும் வேலைதான் நீங்கள் கேட்ட நாடுகளுக்கு இடையேயான ஒத்துழைப்பு. நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலுக்கு நெல் அளக்க 'ஆடவல்லான்' என்றொரு மரக்கால் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லும் இடத்தில், அது 'ராஜகேசரி' என்ற மரக்காலுக்குச் சமம் என்பதையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். ஊருக்கு ஊர் மரக்கால் மாறிய காலம் அது. எந்த ஊர்க்காரர் நெல் கொண்டுவந்தாலும் தகராறு வரக் கூடாது என்றால், கோயிலின் அளவை எந்தப் பொது அளவைக்குச் சமம் என்று எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும். தகுதிச் சட்டகங்களின் உலகில் இன்று நடப்பதும் இதுதான். ஒவ்வொரு நாட்டின் ஏணியும் ஓர் ஆடவல்லான். நடுவில் ஒரு ராஜகேசரி வேண்டும். அந்த ராஜகேசரியை யார் செய்வது, அதை யார் நம்புவது என்பதில்தான் கடந்த முப்பது வருடச் சிக்கல்கள் எல்லாம் இருக்கின்றன.

கதை பிரிட்டனில் தொடங்குகிறது. 1980களில் அங்கே வேலையில்லாத் திண்டாட்டம். தொழில் சான்றிதழ் கொடுக்கும் அமைப்புகளோ எக்கச்சக்கம், ஒன்றின் தாளை இன்னொன்று மதிக்காது. 1986இல் தேசியத் தொழில் தகுதிகள் என்ற முறை வந்தது. எங்கே படித்தாய், எத்தனை நாள் படித்தாய் என்று கேட்காதே, என்ன செய்யத் தெரியும் என்று மட்டும் கேள் என்பது அதன் சாரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நியூசிலாந்து 1990இல் இதற்கென்று தனி அமைப்பு உருவாக்கியது. ஆஸ்திரேலியாவின் சட்டகம் 1995இல் வந்தது. அதே வருடம் தென்னாப்பிரிக்கா சட்டமே போட்டது.

தென்னாப்பிரிக்காவின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நிறவெறி ஆட்சியில் கறுப்பினத் தொழிலாளர்கள் திறமையான வேலைகளைச் செய்தார்கள், ஆனால் அதற்கான தாள் அவர்களிடம் இல்லை. பக்கத்தில் நின்ற வெள்ளையருக்குத் தாள் இருந்தது, சம்பளமும் இருந்தது. செய்யத் தெரிந்ததற்குச் சான்று கொடு என்று அங்கே முன்னின்று கேட்டவர்களில் உலோகத் தொழிலாளர் சங்கமும் உண்டு. நம் தொழில்காரர்கள், அதனால் எனக்கு அவர்கள்மேல் தனிப் பாசம். ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் யோசனைகளை வாங்கினார்கள், வல்லுநர்கள் வந்தார்கள், ஆயிரக்கணக்கில் தர வரையறைகள் எழுதப்பட்டன. அவற்றில் பெரும்பகுதியை வைத்து யாரும் பாடம் நடத்தவும் இல்லை, யாருக்கும் சான்றிதழ் கொடுக்கவும் இல்லை. எழுத்தில் எல்லாம் இருந்தது. ஆனால் பட்டறை, ஆசிரியர், தேர்வு எடுப்பவர் ஆகிய மூன்றுக்கும் தேவையான அளவு பணமும் கவனமும் போய்ச் சேரவில்லை. 2008இல் புதுச் சட்டம் போட்டு, பொதுக்கல்வி, உயர்கல்வி, தொழில் என்று மூன்று கிளையாகப் பிரித்து, 8 படியை 10 படியாக்கி மறுபடியும் தொடங்கினார்கள். மேட்டூரில் 120 அடி நின்றாலும், வாய்க்கால் தூர்வாராவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் வராது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறாக ஸ்காட்லாந்து அவசரப்படவில்லை. 1984 முதலே படிப்புகளைச் சிறு கூறுகளாகப் பிரித்துப் பழகியிருந்தார்கள். பல்கலைக்கழகங்களும் தொழிற்கல்லூரிகளும் மேசையில் உட்கார்ந்து பேசிப் பேசி, 2001இல்தான் 12 படிகளுள்ள ஏணியை எல்லோருக்கும் பொதுவாக வைத்தார்கள். அயர்லாந்தின் 10 படி ஏணி 2003இல் வந்தது. ஏற்கெனவே ஒன்றையொன்று நம்பிய அமைப்புகளுக்கு நடுவே அந்த ஏணிகள் வைக்கப்பட்டன. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல், ஏணியை மட்டும் நகலெடுத்துக்கொண்டு போன நாடுகள் ஏராளம். இன்று 150க்கும் மேற்பட்ட நாடுகளில் சட்டகம் இருக்கிறது, அல்லது தயாராகிறது. பல இடங்களில் பணம் ஐரோப்பிய ஒன்றியத்துடையது, அல்லது ஆசிய வளர்ச்சி வங்கி போன்ற கடன் கொடுக்கும் வங்கிகளுடையது. ஆலோசகர் ஸ்காட்லாந்திலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ வருவார். ஒவ்வொரு படியிலும் என்ன அறிவு, என்ன திறன், எவ்வளவு பொறுப்பு என்று கட்டம் கட்டமாக எழுதிய அட்டவணை ஏறக்குறைய எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 16 நாடுகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட அறிக்கை, சட்டகங்கள் சொன்ன பலனைக் கொடுத்தன என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு என்று வெளிப்படையாகவே சொன்னது. அதன் பிறகும் ஏணி விற்பனை குறையவில்லை.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, நன்றாக நடந்த இடத்தையும் சொல்லியாக வேண்டும். 2008இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் எட்டுப் படிச் சட்டகத்தைப் பரிந்துரைத்தது, 2017இல் அதைத் திருத்தியது. இந்த ஐரோப்பியச் சட்டகத்தின் பெயரில் யாருக்கும் சான்றிதழ் கிடையாது. அது வெறும் ராஜகேசரி, நடுவில் இருக்கும் அளவை மட்டும். ஒவ்வொரு நாடும் தன் ஏணியை அதோடு ஒத்துப்பார்த்து அறிக்கை வெளியிட வேண்டும். அந்த வேலையில் வெளிநாட்டு வல்லுநர்களும் உட்கார்ந்திருக்க வேண்டும். எந்தச் சான்றிதழ் எந்தப் படியில் நிற்கிறது, ஏன் நிற்கிறது, தேர்வின் தரத்தை யார் காக்கிறார்கள் என்பதெல்லாம் அறிக்கையில் வர வேண்டும்.

நீங்கள் ஃபிட்டர் என்பதால் ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: இரண்டு வெர்னியர் காலிப்பர்களின் அளவை ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டுக்கும் ஜீரோ எரர் (தாடையை மூடினாலும் கோடு பூஜ்யத்தில் நிற்காத பிழை) பார்ப்போம் அல்லவா, அதைத்தான் அங்கே செய்கிறார்கள். உன் தாடையை மூடிக் காட்டு, கோடு எங்கே நிற்கிறது பார்க்கலாம் என்று ஒருவரையொருவர் கேட்கிறார்கள்.

அதில் நடந்த சண்டைகளும் சுவையானவை. ஜெர்மனியில் பள்ளி இறுதித் தேர்வு எந்தப் படி, தொழிற்பயிற்சி எந்தப் படி என்று பெரிய வாக்குவாதம் வந்தது. கல்வி அமைச்சர்கள் பள்ளிச் சான்றிதழை ஒரு படி மேலே வைக்கச் சொன்னார்கள். தொழில்துறை விடவில்லை. முடிவு வராமல் பள்ளித் தேர்வைத் தற்காலிகமாக ஏணிக்கு வெளியிலேயே வைத்துவிட்டார்கள். ஆனால் ஒரு காரியம் செய்தார்கள்: பட்டறையில் வளர்ந்து 'மாஸ்டர்' தேர்வு முடித்த கைவினைஞரை, பல்கலைக்கழக இளநிலைப் பட்டதாரியோடு ஒரே ஆறாவது படியில் நிறுத்தினார்கள். நம் ஊரில் ஒரு மேஸ்திரியையும் பி.ஏ. பட்டதாரியையும் ஒரே படியில் நிறுத்தினால் எத்தனை வீடுகளில் வரன் பேச்சு நின்றுபோகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மற்ற வட்டாரங்களும் இதைப் பார்த்துச் செய்தன. தென்கிழக்கு ஆசியாவின் ஆசியான் நாடுகளுக்கு எட்டுப் படியில் ஒரு பொது ஒப்பீட்டுச் சட்டகம் இருக்கிறது. மலேசியாவும் பிலிப்பைன்ஸும் தங்கள் ஏணிகளை அதோடு ஒத்துப்பார்த்திருக்கின்றன. ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளுக்குப் பத்துப் படியில் ஒன்று, கரீபியன் தீவுகளுக்கு ஒன்று, பசிபிக் தீவுகளுக்கு ஒன்று. வட்டாரம் தாண்டியும் பேச்சு நடந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹாங்காங் மூன்றும் ஐரோப்பியச் சட்டகத்தோடு தங்கள் ஏணிகளை ஒப்பிட்டு 2016இல் கூட்டு அறிக்கைகள் வெளியிட்டன. பஹ்ரைன் ஸ்காட்லாந்தின் ஏணியோடு தன் ஏணியை ஒத்துப்பார்த்தது. நாகப்பட்டினத்துக்கு எதிர்க்கரையான இலங்கையில் தொழிலுக்கு 7 படி, பல்கலைக்கழகம் வரை போகும் ஏணிக்கு 12 படி. இரண்டுக்கும் நடுவே எது எதற்கு நேர் என்று அவர்களே குறித்து வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து உறவினர் யாராவது தன்னிடம் என்.வி.க்யூ. (அந்த ஏழு படித் தொழில் ஏணி) நாலு இருக்கிறது என்றால், அது உங்கள் நாலும் இல்லை, ஜெர்மனியின் நாலும் இல்லை, மூன்றாவது நாலு.

உயர்கல்விக்கு யுனெஸ்கோ உடன்படிக்கைகள் உண்டு. உலகளாவிய உடன்படிக்கை 2019இல் ஏற்கப்பட்டு 2023 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதில் எனக்குப் பிடித்த ஒரு கொள்கை இருக்கிறது: உன் பட்டத்தை ஏற்க முடியாது என்று ஒரு நாடு சொன்னால், இரண்டு படிப்புக்கும் கணிசமான வேறுபாடு இருக்கிறது என்று அந்த நாடுதான் காட்ட வேண்டும். விண்ணப்பித்தவர் தன் தலையில் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் அது பல்கலைக்கழகம் சார்ந்தது, நம் ஐடிஐ தாளுக்குப் பெரிதாக உதவாது.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே ஆரம்பமே வேடிக்கை. மத்தியில் தொழிலாளர் அமைச்சகம் ஒரு சட்டகத்தை வரைந்துகொண்டிருந்தது. அதே நேரத்தில் கல்வி அமைச்சகம் இன்னொன்றை வரைந்தது. ஒரே வீட்டில் இரண்டு மரக்கால். 2013இல் இரண்டையும் ஒன்றாக்கித்தான் இப்போதைய சட்டகம் பிறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் திறன் வளர்ச்சித் திட்டம் ஒன்று அந்த வருடங்களில் இங்கே ஆலோசனை கொடுத்தது. பின்னர் பிரிட்டனின் தொழில் தரங்களோடு நம் தரங்களை வரிக்கு வரி ஒப்பிட்டு, விடுபட்டவற்றைச் சேர்க்கும் முயற்சியும் நடந்தது. வளைகுடா முதலாளிகளுக்கு அந்தத் தரங்கள் பழக்கமானவை என்பது அதற்குக் காரணம். 2018 டிசம்பரில் தேசியத் தொழிற்கல்வி, பயிற்சிக் குழுமம் அறிவிக்கப்பட்டது. தேர்வு நடத்துபவர்களையும் சான்றிதழ் கொடுப்பவர்களையும் கட்டுப்படுத்துவது அதன் வேலை. 2023இல் தேசிய மதிப்புப்புள்ளிச் சட்டகம் வந்தது. 30 மணி நேரப் படிப்புக்கு ஒரு புள்ளி, வருடத்துக்கு 1200 மணி, 40 புள்ளி. ஐரோப்பாவில் வருடத்துக்கு 60 புள்ளி, 1500 முதல் 1800 மணி வரை. இங்கேயும் மா, ஏக்கர் கதைதான், எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது.

எல்லாம் சரி, ஜீரோ எரர் எப்படி இருக்கிறது? இதில்தான் எனக்கு வருத்தம். முறையாகப் படிக்காமல் வேலையில் கற்றவர்களுக்குச் சான்று கொடுக்கும் முன்கற்றல் அங்கீகாரம் இந்தச் சட்டகத்தின் மிக நல்ல பகுதி. தென்னாப்பிரிக்கச் சங்கம் கேட்டது இதைத்தான். ஒருமுறை அப்படி ஒரு மதிப்பீட்டுக்கு உதவியாகப் போயிருந்தேன். எந்த அமைப்பு, எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். வெளிமாநிலத்திலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் கையடக்கக் கணினியோடு வந்தார். வெல்டர்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களில் ஒருவர் பதினைந்து வருடம் வளைகுடாவில் பைப் வெல்டிங் செய்தவர், ஒரு கையைக் கட்டிவைத்தாலும் எக்ஸ்ரேயில் குறை வராமல் வெல்டிங் வைப்பார். அவருக்கும், மதியச் சாப்பாடு போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நண்பனோடு வந்த பையனுக்கும் அதே கொள்குறி வினாக்கள், அதே அரை மணி நேரம். சாயங்காலத்துக்குள் அத்தனை பேருக்கும் தேர்ச்சி. அந்தப் பைப் வெல்டர் தாளைப் பார்த்தார், பக்கத்துப் பையனின் தாளைப் பார்த்தார், நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். பிறகு அதை எங்கும் நீட்டியதாக எனக்குத் தெரியாது. யாரும் தோற்காத ஒரு தேர்வுக்கு வெளிநாட்டுக்காரன் எதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும்?

மதிப்பிடுவது எளிது என்றும் நான் சொல்லவில்லை. சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கும் ஸ்தபதி ஒருவரை இந்த ஏணியில் எந்தப் படியில் நிறுத்துவீர்கள்? என் பழைய மாணவன் ஒருவனின் அப்பாவுடைய பட்டறையில் இதை யோசித்துக்கொண்டே ஒரு நாள் உட்கார்ந்திருந்தேன். மெழுகில் உருவம் செய்து, காவிரியின் வண்டல் மண்ணை மேலே பூசி, காயவைத்து, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். மெழுகு போன இடத்தில் உலோகம் நிற்கும், அச்சை உடைத்தால் சிலை. ஒரு அச்சில் ஒரு சிலைதான். உயரத்துக்கு ஏற்பத் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்து ஒடியோலை என்ற அளவுகோல் செய்கிறார்கள். முகம் இத்தனை மடிப்பு, மார்பு இத்தனை மடிப்பு. அங்குலமும் இல்லை, சென்டிமீட்டரும் இல்லை, எல்லாம் விகிதம். சட்டகத்தின் மொழியில் இதை 'கற்றல் விளைவு' என்று எழுத முயன்றேன். "வண்டல் மண் பூச்சின் ஈரப்பதத்தைத் தொட்டு அறிவார்" என்று ஒரு வரி எழுதினேன். எந்த மதிப்பீட்டாளரிடம் கொடுத்தால் அதைச் சோதிக்க முடியும்? இன்னொரு ஸ்தபதியிடம் மட்டும்தான். ஜெர்மனியில் மாஸ்டர் தேர்வை மாஸ்டர்கள் இருக்கும் குழு எடுக்கிறது. அந்த ஆறாவது படி மதிப்போடு நிற்பதற்கு அட்டவணையைவிட அதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

இனி உங்கள் பயணத்துக்கு எது உதவும் என்று பார்ப்போம். சிங்கப்பூர் கட்டுமான வேலைக்குப் போகிறவர்களை நம் பகுதியில் கேட்டால், ஸ்கில் டெஸ்ட் முடித்தாயா என்றுதான் கேட்பார்கள், எந்த லெவல் என்று யாரும் கேட்க மாட்டார்கள். சிங்கப்பூர் நம் ஏணியை நம்பி நேரம் வீணாக்கவில்லை. தன் கட்டுமானத் துறை அமைப்பின் தேர்வை நம் ஊருக்கே கொண்டுவந்து தானே அளக்கிறது. சவூதியும் இப்போது பல தொழில்களுக்குத் திறன் சரிபார்ப்புத் தேர்வைப் புறப்படும் நாட்டிலேயே நடத்துகிறது. அடுத்தவன் மரக்காலில் நம்பிக்கை இல்லாதவன் தன் மரக்காலைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு வருகிறான், அவ்வளவுதான். இந்த வழியில் ஏமாற்று குறைவு. ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாகத் தேர்வு, தனித்தனியாகக் கட்டணம். அந்தச் செலவு தொழிலாளியின் தலையில் விழுகிறது. ஒத்துழைப்பு இல்லாததற்கு நாம் கொடுக்கும் விலை இது.

ஜெர்மனி வேறு மாதிரி. நம் ஏணியின் எண்ணை அவர்கள் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. 2012இல் வந்த அங்கீகாரச் சட்டத்தின்படி, உங்கள் படிப்பின் பாடங்களையும் பயிற்சி நேரத்தையும் அவர்களுடைய அதே தொழிலின் பாடத்திட்டத்தோடு ஒப்பிடுகிறார்கள். தொழில் வணிகச் சபையின் கீழ் வரும் தொழில்களுக்கு இதைச் செய்யும் அலுவலகம் நியூரம்பெர்க்கில் இருக்கிறது. முழுச் சமன், பகுதிச் சமன், சமன் இல்லை என்ற மூன்றில் ஒரு பதில் வரும். நம் ஐடிஐ படிப்புக்கும் மூன்றரை வருடப் பயிற்சிக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால், பகுதிச் சமன் கிடைத்தாலே நல்லது என்று எதிர்பார்த்துப் போங்கள். ஐடிஐயில் சொல்லித்தராத பாடத்தை நீங்கள் வேலையில் கற்றிருந்தால் அதையும் கணக்கில் எடுப்பார்கள், அதற்கு எழுத்தில் சான்று வேண்டும். 2024 மார்ச் முதல், அங்கே போய் வேலை செய்துகொண்டே இந்த அங்கீகாரத்தை முடிக்கும் வழியும் திறந்திருக்கிறது. அதற்கு மூன்று விஷயம் கேட்கிறார்கள்: வேலை தருவதாக ஒப்புக்கொண்ட முதலாளி, குறைந்தது ஏ2 (தொடக்கநிலையின் இரண்டாம் படி) அளவு ஜெர்மன் மொழி, சொந்த நாட்டு அரசு ஏற்ற, குறைந்தது இரண்டு வருடத் தொழிற்படிப்பு.

அந்தக் கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். நிலை எத்தனை என்ற பேச்சே இல்லை, எத்தனை வருடம் என்றுதான் கேட்கிறார்கள். உங்கள் இரண்டு வருட ஃபிட்டர் படிப்பு உள்ளே வருகிறது. உங்களோடு அதே வளாகத்தில் ஒரு வருட வெல்டர் படித்த நண்பர், கையில் எத்தனை திறமை இருந்தாலும், இந்த வாசலில் நிற்க வேண்டியிருக்கும். எங்கே படித்தாய், எத்தனை நாள் படித்தாய் என்று கேட்காதே என்றுதானே 1986இல் தொடங்கினார்கள்? நாற்பது வருடம் சுற்றி வந்து, நம்பிக்கை இல்லாத இடத்தில் எல்லோரும் மறுபடியும் நாட்களைத்தான் எண்ணுகிறார்கள்.

ஒப்பந்தம் இருக்கிறது என்று ஏஜென்ட் சொன்னது முழுப் பொய் இல்லை, அதனால்தான் அது ஆபத்து. 2022 டிசம்பரில் இந்தியாவும் ஜெர்மனியும் குடிப்பெயர்வு, நடமாட்டம் பற்றி ஒப்பந்தம் செய்தது உண்மை. அதே வருடம் ஜூலையில் பிரிட்டனோடும், 2023 மார்ச்சில் ஆஸ்திரேலியாவோடும் கல்வித் தகுதிகளைப் பரஸ்பரம் ஏற்பது பற்றி உடன்பாடுகள் வந்தன. ஆனால் ஜெர்மன் ஒப்பந்தம் உங்கள் ஐடிஐ சான்றிதழைத் தானாகச் சமமாக்கவில்லை. மற்ற இரண்டும் மேற்படிப்புக்குப் போகிறவருக்கு உதவும், உரிமமோ பதிவோ வாங்கிச் செய்ய வேண்டிய தொழில்களை அவை தொடவில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தேசியத் தொழிற்சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் இரண்டோடு, நீங்கள் படித்த ஆண்டின் முழுப் பாடத்திட்டத்தையும் எடுத்து வையுங்கள். எந்த வாரத்தில் எந்தப் பயிற்சி, எத்தனை மணி என்று அதில்தான் இருக்கிறது, ஒப்பிடுகிறவருக்கு நிலை எண்ணைவிட அந்த நூறு பக்கம்தான் முக்கியம். இப்போது வேலை பார்க்கும் இடத்தில் என்ன இயந்திரம், என்ன வேலை, எத்தனை மாதம் என்று தேதியோடு கடிதம் வாங்குங்கள். "நல்ல பையன், ஒழுக்கமானவன்" என்று எழுதித் தருவார்கள், அது உதவாது. லேத்தில் என்ன செய்தீர்கள், எந்த அளவுத் துல்லியத்தில் செய்தீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். ஜெர்மன் மொழி வகுப்பில் இன்றே சேருங்கள், அதுதான் நீண்ட வேலை. அண்ணனும் வர நினைத்தால், அவருடைய பழைய பாடத்திட்டம்தான் அவருக்குச் செல்லும், உங்களுடையதை அவர் வைக்கக் கூடாது.

ஏஜென்ட் விஷயம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983ஆம் ஆண்டுக் குடிப்பெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணை வாங்கி மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் தேடினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம், ரசீதும் தர வேண்டும். பதிவு இருந்தால் அடுத்த தடவை போகும்போது, அவர் சொல்லும் ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். அதில் ஃபிட்டர் என்ற சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.